கம்பிக்கு முன்னும் பின்னும்

முகூர்த்த நாள் குறித்த பிறகுதான் பல வீடுகளில் பிள்ளையின் பல் வரிசை கண்ணில் படுகிறது. "தை மாதம் கல்யாணம், அதற்குள் முடித்துக் கொடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று ஆடி மாதத்தில் வந்து நிற்கும் பெற்றோரைப் பார்க்காத பல் சீரமைப்பு மருத்துவர் தமிழ்நாட்டில் அரிது. இன்னொரு கூட்டம் பொதுத்தேர்வு முடிந்த கையோடு மே மாதத்தில் வரும். கல்லூரி திறப்பதற்குள் கம்பியைக் கழற்றிவிடலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு. இரண்டுமே அநேகமாக நடக்காது. முழுமையான பல் சீரமைப்புக்குப் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை பிடிக்கும். சிக்கலான தாடைக்கு அதற்கு மேலும் ஆகும். கழற்றிய பிறகு, நகர்ந்த பல்லை நகர்ந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் வேலை தனியாக இருக்கிறது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது.

‘கிளிப் போடுவது’ என்று நாம் சொல்லும் இந்தச் சிகிச்சையைப் பற்றி நம்மிடம் உள்ள பெரிய பிழை, கம்பி பல்லில் ஒட்டியிருக்கும் காலத்தை மட்டுமே சிகிச்சை என்று எண்ணுவது. பால் பல் காலத்தில் கவனிக்காமல் விட்டதும், கம்பி கழன்ற பிறகு அலட்சியமாக இருந்ததும்தான் பல வாய்களின் கதியைத் தீர்மானிக்கின்றன. முன்னால் விட்டதை வசதியுள்ள குடும்பம் பின்னால் பணம் செலவழித்து ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் இதை அவரவர் அழகு விவகாரம் என்று பொதுச் சுகாதாரத் துறை ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, கால் மில்லிமீட்டர்கூட இல்லாத நார்த்திசுப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி தரும் விசை அந்தப் படலத்தை ஒரு பக்கம் அழுத்துகிறது, மறுபக்கம் இழுக்கிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலைக்கு வருகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வருகின்றன. வரப்பை நகர்த்துகிறவர் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மண் அணைப்பதைப் போன்ற வேலை இது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இதன் வேகம். விசையைக் கூட்டினால் வேகம் கூடிவிடாது. அந்த மெல்லிய படலத்தில் ரத்த ஓட்டம் நசுங்கி, பல் நகர்வதே நின்றுபோகும், வலி கூடும், வேரின் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் அதிகரிக்கும். ஒரு பல்லை எடுத்த இடத்தின் அகலம் ஏழு மில்லிமீட்டர் என்றால் அதை மூட எத்தனை மாதம் வேண்டும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லேசாகத் திரும்பிய ஓரிரு முன்பற்களை ஆறு மாதத்தில் நேராக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால், வாயைத் திறந்து பார்க்காமலே எல்லோருக்கும் ஆறு மாதம் என்று வாக்குக் கொடுக்கும் விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம்.

இன்று கம்பி ஓரளவு மென்மையாகத் தள்ளுகிறது என்றால், அதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728இல் வெளியிட்ட நூலில், குதிரை லாட வடிவிலான உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை விவரித்தார். அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் மேல்வாய், கீழ்வாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்துக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். அந்தப் பகுப்பைத்தான் மாணவர்கள் இன்றும் முதலில் படிக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்ட நிக்கல்-டைட்டானியக் கலவை, நன்றாக வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் கொண்டது. 1970களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். முதல் சில மாதங்களில் பிள்ளையின் வாயில் இருக்கும் மெல்லிய கம்பி பெரும்பாலும் அதுதான். கவரிங் நகை போட்டால் கழுத்தில் அரிப்பு எடுக்கிற உடம்பாக இருந்தால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கம்பி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நல்ல சிகிச்சை முதல் நாளில் கம்பியோடு தொடங்குவதில்லை. இரு தாடைகளையும் முழுமையாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே, தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரே, பல்லின் அச்சு அல்லது ஸ்கேன், புகைப்படங்கள் எல்லாம் எடுக்கப்பட வேண்டும். கோளாறு பல்லில் இருக்கிறதா, தாடை எலும்பின் அளவில் இருக்கிறதா என்பது அவற்றை அளந்து பார்த்தால்தான் தெரியும். எத்துப்பல் என்று நாம் சொல்வது பல நேரம் மேல்பல்லின் தவறே இல்லை. கீழ்த்தாடை வளராமல் பின்தங்கியிருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. சொத்தையை அடைத்து, காறையைச் சுத்தம் செய்து, ஈறு ஆரோக்கியமாக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே கம்பி. நடுவயதில் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், ஈறு அழற்சியும் இருக்கும்போது கம்பி போட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு விரைவாகக் கரையும். இந்த ஆய்வு எதுவுமின்றி, போன அன்றே கம்பியை ஒட்ட முனையும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

பல்லை எடுப்பது பற்றிய பயம் தனிக்கதை. இடம் போதாத வாயில், கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள முன்கடைவாய்ப் பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கை எடுக்கச் சொல்வது வழக்கம். "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. அதற்காக எல்லோருக்கும் நான்கு பல்லை எடுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. சிலருக்குத் தாடையை விரித்தோ, பற்களின் பக்கவாட்டை மெலிதாக இழைத்தோ, கடைவாய்ப்பல்லைப் பின்னுக்குத் தள்ளியோ இடம் உண்டாக்கலாம். எடுத்தால் முகம் எப்படி அமையும், எடுக்காவிட்டால் உதடு எவ்வளவு முன்னால் வரும், இரண்டையும் விளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. "அக்கம்பக்கத்தில் பல் எடுக்காமலே செய்துவிட்டார்கள்" என்பதை அளவுகோலாக வைத்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இடமே இல்லாத வாயில் எல்லாப் பல்லையும் திணித்தால், அவை எலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளப்பட்டு ஈறு இறங்கும்.

கம்பி ஒட்டும் நாள் பலரும் பயப்படுவதுபோல் இருக்காது. ஊசி இல்லை, பல்லைத் துளைப்பதும் இல்லை. அமிலக் களிம்பைச் சில விநாடிகள் பல்லில் தடவிக் கழுவி, பசை வைத்து, நீலநிற ஒளி காட்டி, கம்பியைத் தாங்கும் ‘பிராக்கெட்’ என்ற சிறு பிடியை ஒட்டுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்து பல்லில் கறை படிந்தவர்களுக்கு மட்டும் இந்தப் பசை எளிதில் பிடிக்காது. அவர்களுக்குப் பிராக்கெட் அடிக்கடி பெயர்வது அவர்களின் கவனக்குறைவால் மட்டும் அல்ல என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்; பிள்ளையைத் திட்டக் கூடாது.

வலி அன்றைக்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போகும். சாதத்தைக் கடிக்கவே கூசும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பாராசிட்டமால் மாத்திரையே போதும் என்பதுதான் பல மருத்துவர்களின் பரிந்துரை. சில வலி நிவாரணிகள் பல் நகரத் தேவையான அழற்சியையே தணித்துவிடக்கூடும் என்பதால் கடையில் தாமாக வாங்கி நாட்கணக்கில் போடுவது வேண்டாம். உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் வரும். மருத்துவர் தரும் மெழுகை அந்தப் பிராக்கெட் மேல் உருட்டி ஒட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஆறும். இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச்சாதம் என்று அந்த முதல் வாரத்தைக் கடக்க நம் சமையலில் வழி நிறையவே இருக்கிறது.

தடை விதிக்க வேண்டியவையும் நம் சமையலில்தான் இருக்கின்றன. முறுக்கு, தட்டை, சீடை, கமர்கட், கடலை மிட்டாய், எள்ளுருண்டை ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்க்கும். பொங்கலுக்குக் கரும்பைக் கடிப்பதை இரண்டு ஆண்டு தள்ளிவைக்க வேண்டியதுதான். கொய்யா, ஆப்பிள் போன்றவற்றை முன்பல்லால் கடிக்காமல் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லலாம். மாதத்துக்கு ஒருமுறை பிராக்கெட் பெயர்ந்தால் சிகிச்சையும் மாதக் கணக்கில் நீளும். கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் ரப்பர் வளையம் நிறமற்றதாக வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாம்பார், பொரியல் என்று மூன்று வேளையும் மஞ்சள் சேரும் நம் சாப்பாட்டில் அது சில நாட்களிலேயே மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குவது மேல்.

இத்தனையிலும் பெரிய ஆபத்து வலியும் இல்லை, புண்ணும் இல்லை. பிராக்கெட்டைச் சுற்றித் தங்கும் உணவுத் துணுக்கில் கிருமி வளர்ந்து, பல்லின் எனாமலில் சுண்ணாம்பு நிறத் திட்டுகளை உண்டாக்கும். கம்பி கழற்றும் நாளில், நேரான வரிசையில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்புகளோடு பல் தெரிந்தால் அந்தச் சிகிச்சையால் என்ன பயன்? அந்தத் தழும்பு முழுவதுமாகப் போவது கடினம். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாய் கொப்பளிப்பதும், காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் கம்பிக்கு மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்குவதும், பல் இடுக்குக்கான சிறு பிரஷைப் பயன்படுத்துவதும் விட்டுப்போகக் கூடாதவை. குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் இந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குள் வரக் கூடாது. துலக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குக் கம்பி போடாமல் காத்திருப்பதே நேர்மையான மருத்துவம். பல் வரிசை நேரானால் சொத்தையே வராது என்று சிலர் சொல்லி விற்பதும் சரியல்ல. நேரான பல்லைத் துலக்குவது எளிது, அவ்வளவுதான்.

கம்பிக்குப் பதிலாகப் பல்லின் மேல் மாட்டும், கண்ணுக்குத் தெரியாத உறைகளான அலைனர்கள் இப்போது எல்லா நகரங்களிலும் கிடைக்கின்றன. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் ‘இன்விசலைன்’ என்ற பெயரில் இவற்றைப் பரவலாக்கியது. பல வகைக் கோளாறுகளுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. கழற்றிவிட்டுச் சாப்பிடலாம், துலக்கலாம். ஆனால் நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பயன். கழற்ற முடிவதே அதன் பலவீனமும் ஆகும். மருத்துவர் நேரில் பார்க்காமல், பல் அச்சு எடுக்கும் பெட்டியைத் தபாலில் அனுப்பி அலைனர் விற்ற அமெரிக்காவின் ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’ 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் திக்கற்று நின்றார்கள். அதே வடிவ வியாபாரம் இங்கும் வராது என்று நினைக்க இடமில்லை. இதைவிடக் கொடியது, இரு முன்பற்களின் இடைவெளியை மூட வீட்டிலேயே ரப்பர் வளையம் மாட்டிக்கொள்வது. பல்லின் வேர் கூம்பு வடிவம். வளையம் மெல்ல ஈறுக்குள் நழுவி வேரை நோக்கி ஏறி, எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழச் செய்துவிடும். இப்படிப் பல் இழந்தவர்கள் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. வீடியோ பார்த்து இதைச் செய்ய நினைக்கும் இளைஞர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இனி, நான் அதிகம் வருந்தும் இடத்துக்கு வருகிறேன். "பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்ற சொல் நம் வீடுகளில் செய்யும் சேதம் சிறிதல்ல. ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பல பெற்றோருக்கு அது நிரந்தரப் பல் என்பதே தெரியாது. அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, அடியில் வளரும் பல்லுக்கு இடம் காக்க வேண்டும். சொத்தை என்று அதை ஏழு வயதில் பிடுங்கி, அப்படியே விட்டுவிட்டால், பின்னால் இருக்கும் பெரிய பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருந்து வரும் பல் முளைக்க இடமின்றிக் கோணும். பிடுங்கிய கையோடு இடம் காக்கும் சிறு வளையம் ஒன்றைப் பொருத்தியிருந்தால், பிற்காலத்தில் கம்பியே தேவைப்படாமல் போயிருக்கலாம். அல்லது சிறு சிகிச்சையோடு முடிந்திருக்கும்.

குழந்தைக்கு ஏழு வயதாகும்போது ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள், கம்பி போட வேண்டும் என்று இல்லை. இந்த வேறுபாடு முக்கியம். எத்துப்பல் உள்ள சிறுவர்களுக்குச் சிறு வயதிலேயே ஒரு கட்டம், பதின்வயதில் இன்னொரு கட்டம் என இரண்டு முறை சிகிச்சை தருவதை ஆராய்ந்து, பத்ரி திருவேங்கடாச்சாரியும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது என்பதைத் தவிர வேறு பெரிய ஆதாயம் இல்லை என்று கண்டது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்கு உடனே பெருஞ்செலவுச் சிகிச்சை என்று அவசரப்படுத்தினால் காரணத்தைக் கேளுங்கள். காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே கடிப்பது, மேல்தாடை குறுகித் தாடை ஒரு பக்கம் சாய்வது, ஐந்து வயதுக்குப் பிறகும் விரல் சூப்புவது, எப்போதும் வாயால் மூச்சுவிடுவது ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். மேல் கோரைப்பல்லின் புடைப்பு பத்து வயதளவில் ஈறின் மேல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அது அண்ணத்தின் பக்கம் வழிதவறிக்கொண்டிருக்கலாம். அந்த வயதில் பால் கோரைப்பல்லை எடுத்தாலே பல நேரம் வழிக்கு வரும். பதினாறு வயதில் கண்டுபிடித்தால் அறுவை செய்து, சங்கிலி கட்டி இழுக்க வேண்டும். பின்தங்கிய கீழ்த்தாடைக்கும் வளர்ச்சி வேகம் எடுக்கும் வயதே ஏற்ற காலம். பெண்பிள்ளைகளுக்கு அது ஆண்பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டு முன்பே வந்துவிடும். அது கடந்தபின் பெரிய வித்தியாசத்தைச் சரிசெய்யத் தாடை அறுவை சிகிச்சைதான் வழி.

கம்பி கழன்ற பிறகு, பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னர். இதைப் போடாமல் விட்டால் பல் பழைய இடம் நோக்கித் திரும்பும். ஈறின் நார்கள் அதை இழுக்கும். கடைசிப் பல்லான ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் நெருங்குகின்றன என்று அதன்மேல் பழிபோடுவது உண்டு. அதற்கு வலுவான சான்று இல்லை. முதல் சில மாதங்கள் நாள் முழுவதும், பிறகு இரவுகளில், எவ்வளவு காலம் பல் நேராக இருக்க வேண்டுமோ அவ்வளவு காலமும் அணிய வேண்டும். விடுதிக்குப் போகும் பிள்ளை துணியில் சுற்றிவைத்துத் தொலைப்பதுதான் வழக்கம். அதற்கென்று பெட்டி உண்டு. வெந்நீரில் கழுவினால் வடிவம் கெடும். கட்டணம் பேசும்போதே ரிடெய்னரும் அதற்குள் அடங்குமா, தொலைந்தால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சை தருபவர் யார் என்பதையும் பாருங்கள். பி.டி.எஸ். படிப்பிலும் பல் சீரமைப்புப் பாடம் உண்டு என்றாலும், அதற்குமேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்து இதையே தொழிலாகச் செய்பவர்தான் பல் சீரமைப்பு நிபுணர். மாதம் ஒருமுறை வந்துபோகும் நிபுணர் என்றால், அவர் பெயரையும் நடுவில் மாறிவிட மாட்டாரா என்பதையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் சாதாரண உலோகக் கம்பிக்கே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அலைனர் லட்சத்தைத் தாண்டக்கூடும். மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தில் அடிபட்டால் தவிர பல்லுக்குப் பணம் தருவதில்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில், பேராசிரியர்களின் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் தரமான சிகிச்சை அளிக்கிறார்கள். ஆனால் 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அந்தப் பட்டியல் மிகச் சிறியது. தென்காசியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி மாதந்தோறும் வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு வந்துபோக முடியுமா? பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைகளுக்கு இது அழகுச் சிகிச்சையே அல்ல. ஈறு எலும்புப் பிளவை நிரப்பும் அறுவைக்குமுன் தாடையை விரிப்பதில் தொடங்கி, பதின்வயது முடியும்வரை கட்டம் கட்டமாகப் பல் சீரமைப்பு வேண்டும். உதட்டைத் தைத்ததோடு நின்றுபோகும் பிள்ளைக்குப் பாதிச் சிகிச்சைதான் கிடைத்திருக்கிறது.

எல்லோருக்கும் இலவசமாகக் கம்பி போட அரசால் முடியாது, தேவையும் இல்லை. அழகென்று விரும்பி வைத்துக்கொள்ளும் தெத்துப்பல்லை யாரும் திருத்த வேண்டியதில்லை. பிரிட்டனில் 1989இல் உருவாக்கப்பட்ட சிகிச்சைத் தேவைக் குறியீடு ஒன்று, கோளாறுகளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களில் மேல்படிகளில் வருகிறவர்களுக்கு அங்கே பொதுச் சுகாதாரத் துறை கட்டணமின்றிச் சிகிச்சை தருகிறது. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்குச் செல்லும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே பிள்ளைகளின் வாயைத் திறந்து சொத்தை பார்க்கின்றன. அதே நிமிடத்தில், இரண்டாம் வகுப்பில் ஒருமுறையும் ஐந்தாம் வகுப்பில் ஒருமுறையும் தாடைப் பொருத்தத்தையும் கோரைப்பல் புடைப்பையும் பார்க்கப் பயிற்சி கொடுத்தால் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு பல் சீரமைப்பு நிபுணர் பணியிடத்தை உருவாக்கி, கடுமையான கோளாறு உள்ள பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து, வரும் கல்வியாண்டிலேயே ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்க வேண்டும்.